ஊக்கமருந்தும் ஊதிப் பெருக்கிய பெயர்களும்

கேள்வி இது: "என்எஃப்எல் வீரர்களின் உடம்பைப் பார்த்தாலே ஊக்கமருந்து தெரிகிறது. அப்படியிருக்க அமெரிக்கக் கால்பந்தில் திறமை என்று எதைச் சொல்வது? தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடப்படும் நட்சத்திரங்களில் எத்தனை பேர் அந்தப் புகழுக்கு உரியவர்கள்?"

என்எஃப்எல் என்பது அமெரிக்கக் கால்பந்தின் முதன்மைத் தொழில்முறை லீக். கேள்வியில் மூன்று கேள்விகள் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. அவிழ்க்காமல் பதில் சொல்லப் போனால், பிடிக்காத ஆட்டக்காரரை மருந்துக்காரர் என்றும் பிடித்தவரைப் பிறவி மேதை என்றும் சொல்வதில்தான் போய் நிற்கும். அமெரிக்க ரசிகர்கள் ஐம்பது ஆண்டுகளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டத்தில் மருந்தால் அதிகம் பயன்பெறக்கூடியவர்களை யாரும் நட்சத்திரம் என்று அழைப்பதில்லை. யாருடைய புகழ் மிகை என்று நாம் சண்டை போடுகிறோமோ, அவர்கள் செய்யும் வேலைக்கு மருந்து பெரிதாகக் கைகொடுப்பதில்லை. விதிவிலக்குகள் உண்டு, அவற்றில் ஒன்று மிகச் சுவையானது, பின்னால் வருகிறேன்.

ஆட்டத்தை அதிகம் பார்த்திராதவர்களுக்குச் சிறு விளக்கம். பந்து வைத்திருக்கும் அணியின் 11 பேரில் ஐந்து பேர் லைன்மேன்கள். பந்தை எடுத்து ஓடுவதோ பிடிப்பதோ அவர்கள் வேலை அல்ல. பந்தை வீசப்போகும் குவார்ட்டர்பேக்கை நோக்கி எதிரணியினர் பாய்ந்து வருவார்கள். அவர்களை ஒரு மூன்று விநாடி மறித்து நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். கிரிக்கெட்டில் ஒரு பந்து என்றால் வீசியவர் ஒருவர், எதிர்கொண்டவர் ஒருவர். கணக்கு அவர்கள் பெயரில் நின்றுவிடும். இங்கே 22 பேர் ஒரே நேரத்தில் மோதுகிறார்கள், கணக்கோ மூன்று நான்கு பேர் பெயரில்தான் எழுதப்படுகிறது. மற்றவர்கள் செய்தது எண்ணாக மாறுவதே இல்லை. இந்த விவாதத்தின் கோளாறுகள் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

மருந்து எப்படி உள்ளே வந்தது? திருட்டுத்தனமாக வரவில்லை, சாப்பாட்டு மேசை வழியாகவே வந்தது. 1963இல் சான் டியேகோ சார்ஜர்ஸ் அணியின் பயிற்சியாளர் சிட் கில்மன், ஆல்வின் ராய் என்ற உடற்பயிற்சியாளரை அழைத்துவந்தார். எடை தூக்கினால் தசை இறுகி ஓட்டம் கெட்டுப்போகும் என்று பல பயிற்சியாளர்கள் நம்பிய காலம் அது. ராய் எடைப்பயிற்சியைக் கொண்டுவந்தார். கூடவே டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரையையும் கொண்டுவந்தார். முகாமில் உணவோடு சேர்த்து அது பரிமாறப்பட்டது. லீக்கில் அதற்குத் தடை எதுவும் அப்போது இல்லை. அந்தப் பருவத்தின் இறுதியாட்டத்தில் சார்ஜர்ஸ், பாஸ்டன் பேட்ரியட்ஸை 51-10 என்று நசுக்கி, அன்று என்எஃப்எல்லுக்குப் போட்டியாக இருந்த ஏஎஃப்எல் லீக்கின் பட்டத்தை வென்றது. வெற்றிக்குக் காரணம் மாத்திரையா, புதிதாக வந்த எடைப்பயிற்சியா, லான்ஸ் ஆல்வொர்த் என்ற அபாரமான ரிசீவரா (வீசிய பந்தைப் பிடிப்பவர்)? பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் லைன்மேன்களிடையே ஸ்டீராய்டு பரவலாக இருந்தது என்பதை ஆடியவர்களே சொல்லியிருக்கிறார்கள். முன்பு பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில் ஆடிய ஸ்டீவ் கோர்சன் 1985இல், இன்னும் ஆடிக்கொண்டிருந்தபோதே, பகிரங்கமாகப் பேசினார். 1991இல் தடுப்பாட்டக்காரர் லைல் அல்ஸாடோ, இத்தனை காலம் பொய் சொன்னேன், ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு மூளைக் கட்டியால் 43 வயதில் இறந்தார். மருந்துதான் தன்னைக் கொல்கிறது என்று அவர் நம்பினார். மருத்துவம் அந்தத் தொடர்பை நிறுவவில்லை. லீக் 1987இல் ஸ்டீராய்டு சோதனையைத் தொடங்கியது, 1989இலிருந்து சிக்கியவர்களைத் தடை செய்தது, 1990இலிருந்து ஆண்டு முழுவதும் முன்னறிவிப்பின்றிச் சோதித்தது.

உடம்பைப் பார்த்தாலே தெரிகிறது என்ற வாதத்துக்கு வருவோம். 1985இல் சிகாகோ பேர்ஸ் அணியில் வில்லியம் பெர்ரி என்பவர் ஆடினார். ஏறக்குறைய 150 கிலோ எடை. அந்த உருவத்துக்காகவே 'குளிர்பதனப் பெட்டி' என்று பட்டப்பெயர் வைத்து நாடே வேடிக்கை பார்த்தது. இன்று 140 கிலோ லைன்மேன் வழக்கமான சரக்கு. 150 கிலோவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த மாற்றம் முழுக்க மருந்தின் வேலை என்று சொல்வது சோம்பேறித்தனம். 1978இல் விதி மாறியது. லைன்மேன்கள் கைகளை நீட்டி, உள்ளங்கையை விரித்து எதிரியைத் தள்ளலாம் என்றார்கள். அதுவரை தாழ்ந்து பாய்ந்து இடிக்கும் வேகம் தேவைப்பட்ட இடத்தில், நகர்த்த முடியாத கனமும் நீண்ட கையும் போதும் என்றானது. அதே ஆண்டு, ஐந்து கெஜத்துக்கு அப்பால் ரிசீவரைத் தட்டக்கூடாது என்ற விதியும் வந்தது. பந்து வீசுவது பெருகியது, அதைக் காக்கும் பெரிய உடம்புகளின் விலையும் ஏறியது. கல்லூரிகள் அந்த உடம்புகளைத் தேடிப்பிடித்துக் கொழுக்கவைத்தன. சோதனை இல்லாத காலத்தைவிடச் சோதனை வந்தபிறகுதான் லைன்மேன்கள் இன்னும் பெரிதானார்கள் என்பதையும் கவனியுங்கள். பெரும்பகுதி சாப்பாடு. அவர்களில் பலர் ஓய்வு பெற்ற ஓரிரு ஆண்டுகளில் முப்பது கிலோ இளைத்து, அடையாளமே தெரியாமல் வருகிறார்கள்.

இதனால் இன்றைக்கு எல்லோரும் சுத்தம் என்று சொல்லவரவில்லை. சோதனை இருக்கிறது, ஆனால் அது வீரர்கள் சங்கத்தோடு பேரம் பேசி எழுதிய சோதனை. ஒலிம்பிக் வீரர்களைக் கட்டுப்படுத்தும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளில் என்எஃப்எல் சேரவில்லை. மனித வளர்ச்சி ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை நடத்த 2011 ஒப்பந்தத்திலேயே கொள்கையளவில் ஒத்துக்கொண்டார்கள். மேல்முறையீட்டை யார் விசாரிப்பது என்று இழுத்து 2014இல்தான் தொடங்கினார்கள். தொடங்கியும் என்ன, ஊசி போட்ட ஓரிரு நாட்களில் தடயம் மறைந்துவிடுகிற பொருள் அது. தண்டனையையும் பாருங்கள். 2020 ஒப்பந்தப்படி ஸ்டீராய்டில் முதல் முறை சிக்கினால் ஆறு ஆட்டங்களுக்குத் தடை. பருவத்துக்கு 17 ஆட்டங்கள். ஒலிம்பிக் ஓட்டக்காரர் அதே பொருளுக்கு நான்கு ஆண்டுகளை இழக்கக்கூடும். பேஸ்பாலில் 162 ஆட்டங்களில் 80 போகும், அந்த ஆண்டின் நாக்அவுட் சுற்றும் போகும். ஆறு ஆட்டங்கள் என்பது இவற்றோடு ஒப்பிட்டால் செல்லமாகக் காதைத் திருகுவதுதான்.

யாருக்கு இந்த ஆபத்து லாபகரமானது என்று யோசித்தால் விஷயம் தெளிவாகும். பல கோடி டாலர் ஒப்பந்தமும் விளம்பரங்களும் கையில் உள்ள குவார்ட்டர்பேக்குக்கு இழக்க நிறைய இருக்கிறது. அணியின் 53 பேர் பட்டியலில் 52ஆவது இடத்தில் தொங்கிக்கொண்டிருப்பவருக்கு அப்படி இல்லை. 2024இல் புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 7,95,000 டாலர். பட்டியலில் இருந்தால் அது. ஆகஸ்ட் கடைசியில் பெயரை வெட்டிவிட்டால் ஊருக்குப் போய் வேறு வேலை தேட வேண்டியதுதான். சராசரி வீரர் மூன்று நான்கு ஆண்டுகள்கூட நீடிப்பதில்லை. பெரும்பாலான ஒப்பந்தங்கள் முழு உத்தரவாதம் கொண்டவையும் அல்ல. தொடைத்தசை கிழிந்து, ஆறு வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்ல, மூன்று வாரத்தில் திரும்பாவிட்டால் இடம் போய்விடும் என்ற நிலையில் இருப்பவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு மருந்து ஹெர்குலிஸ் ஆகும் வழியாகத் தெரிவதில்லை. வேலைக்குத் திரும்பும் வழியாகத் தெரிகிறது.

பேஸ்பாலில் இதே விவகாரம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது. பாரி பாண்ட்ஸ் இன்றும், தலைசிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் புகழ்க்கூடத்துக்கு வெளியே நிற்கிறார். கால்பந்தில் மக்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறார்கள். ஏன்? பாண்ட்ஸ் ஒரு பருவத்தில் அடித்த 73 ஹோம் ரன்கள் ஓர் எண். பழைய எண்ணை அது அழித்தது. தாத்தா காலத்து வீரனிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது. கால்பந்து லைன்மேனிடம் அழிக்கப்பட எந்த எண்ணும் இல்லை. யாரிடமிருந்து எதைத் திருடினார் என்றே தெரியாத திருட்டுக்கு யார் கோபப்படுவார்கள்?

எண் உள்ளவர்கள் சிக்கியபோதும் கோபம் வரவில்லை என்பது இன்னும் விசித்திரம். 2006இல் சார்ஜர்ஸின் ஷான் மெரிமன் நான்ட்ரலோன் என்ற ஸ்டீராய்டு உடம்பில் இருப்பது தெரிந்து நான்கு ஆட்டங்கள் தடை செய்யப்பட்டார். மிச்சமிருந்த 12 ஆட்டங்களில் எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளை 17 முறை சாய்த்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதுக்கு அவர் பெயர் அடிபட்டது; போட்டியில் இருந்த ஜேசன் டெய்லர் இது நியாயமா என்று வெளிப்படையாகக் கேட்டார். விருது டெய்லருக்குப் போனது, ஆனால் நட்சத்திரங்கள் ஆடும் புரோ பவுலுக்கு மெரிமன் தேர்வாகிவிட்டார். தடை பெற்ற ஆண்டில் அங்கே ஆடக்கூடாது என்ற விதி அதற்குப் பிறகுதான் வந்தது. 2009இன் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரராகத் தேர்வான பிரையன் குஷிங் சோதனையில் சிக்கியதும், பத்திரிகையாளர்கள் மறுபடி வாக்களித்தார்கள். மறுபடியும் அவரே ஜெயித்தார். 2018 பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களைத் தடையில் கழித்த, பாஸ்டன் பகுதி அணியான பேட்ரியட்ஸின் ரிசீவர் ஜூலியன் எடல்மன், அதே பருவத்தின் இறுதியாட்டமான சூப்பர் பவுலில் பத்து பந்துகளைப் பிடித்து 141 கெஜம் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். பாஸ்டனில் யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.

இப்போது அந்த விதிவிலக்கு. பெயர் டோனி மான்டரிச். மருந்து, திறமை, மிகைப்புகழ் மூன்றும் ஒரே உடம்பில் சந்தித்த ஆள்; அதுவும் எந்த ரசிகரும் வழக்கமாகக் கண்டுகொள்ளாத லைன்மேன். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடியபோது எதிராளிகளைப் பொம்மைபோல் தூக்கி எறிந்தார். 140 கிலோவைத் தாண்டிய உடம்போடு நாற்பது கெஜத்தை 4.65 விநாடியில் ஓடினார் என்றும், 102 கிலோ எடையைப் படுத்தவாறு 39 முறை தூக்கினார் என்றும் செய்திகள் வந்தன. 1989 ஏப்ரலில் நாட்டின் முதன்மை விளையாட்டு வார இதழ் அவரைச் சட்டையில்லாமல் அட்டையில் போட்டது. ஆண்டுதோறும் அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களை எடுக்கும் தேர்வில், கிரீன் பே பேக்கர்ஸ் அவரை இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்தது.

அந்த ஆண்டின் முதல் ஐந்து பேர் யார் என்று பாருங்கள்: டிராய் எய்க்மன், மான்டரிச், பாரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ். மான்டரிச்சைத் தவிர மற்ற நால்வரும் புகழ்க்கூடத்தில் இருக்கிறார்கள். இவர் கிரீன் பேயில் மூன்று பருவங்கள் தட்டுத்தடுமாறி ஆடினார், நான்காவதில் களமிறங்கவே இல்லை. ஒரு லைன்மேன் தோற்றது தேசியச் செய்தியானது அநேகமாக அதுதான் முதல் தடவை.

கல்லூரியில் ஸ்டீராய்டு எடுத்ததை அவர் 2008இல்தான் ஒப்புக்கொண்டார். எல்லோரும் அதற்கு முன்பே ஊகித்ததுதான்: மருந்து கொடுத்த பலம், லீக்கின் சோதனைக்குப் பயந்து நிறுத்தியதும் போய்விட்டது. கதை இத்தோடு முடிந்திருந்தால் கேள்வி கேட்டவர் பக்கம் நியாயம் முழுமையாகிவிடும். ஆனால் அவர் தன் வீழ்ச்சிக்குச் சொன்ன காரணம் வேறு: மதுவும் வலிநிவாரணிகளும். தொண்ணூறுகளின் நடுவில் அவற்றிலிருந்து மீண்டு, 1996இல் இண்டியானபோலிஸ் கோல்ட்ஸ் அணிக்கு வந்தார். மூன்று பருவங்கள் அங்கே ஆடினார். அட்டைப்படத்து அசுரனாக இல்லை. நாணயமான, சராசரிக்குக் குறையாத லைன்மேனாக ஆடினார். இதுதான் எனக்குக் கிடைத்தவரை மிக நேர்மையான அளவுகோல். ஒரே மனிதர், மருந்தோடும் மருந்தில்லாமலும். இரண்டாவது ஆளும் என்எஃப்எல்லில் ஆடத் தகுதியானவர்தான். முதல் ஆள் உலகின் இரண்டாவது சிறந்த இளம் வீரர் என்று தேர்வாளர்களை நம்பவைத்தார். இடையில் உள்ள தூரம்தான் மருந்தின் வேலை. அந்தத் தூரத்திலும் ஒரு பங்கு பத்திரிகை அட்டைக்குச் சேரும்.

அப்படியானால் தேர்வாளர்கள் தேடும் திறமை எது? ஆண்டுதோறும் இண்டியானபோலிஸில் கல்லூரி வீரர்களை ஓடவிட்டு, குதிக்கவிட்டு, அளந்து பார்க்கிறார்கள். அளக்க முடிந்ததை எல்லாம் அளக்கிறார்கள். 2008இல் வெர்னான் கோல்ஸ்டன் அந்தச் சோதனைகளில் எல்லோரையும் வாயடைக்க வைத்தார். நியூயார்க் ஜெட்ஸ் ஆறாவதாக அவரை எடுத்தது. எதிரணிக் குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பதற்காகவே எடுக்கப்பட்டவர், தன் என்எஃப்எல் வாழ்க்கை முழுவதிலும் ஒருமுறைகூட யாரையும் சாய்க்கவில்லை. 2007இல் முதலாவதாகத் தேர்வான ஜமார்கஸ் ரஸ்ஸல் பந்தை எறியும் தூரம் பற்றிப் புராணமே உண்டு. தொடக்க வீரராக ஆடிய 25 ஆட்டங்களில் அவர் அணி வென்றது ஏழு. மறுபக்கம் டாம் பிரேடி. 2000இல் 199ஆவதாகத் தேர்வானவர், நாற்பது கெஜம் ஓட 5.28 விநாடி எடுத்தவர். ஏழு சூப்பர் பவுல் வென்றார். இவர்களுக்கிடையே வித்தியாசம் கண்ணுக்கும் பாதத்துக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. மூன்று விநாடிக்குள் எதிரணியின் 11 பேரும் எங்கே நகர்கிறார்கள் என்று படித்து, இன்னும் அங்கே வந்து சேராத ரிசீவரை நோக்கிப் பந்தை விடுகிற வேலை அது. அதற்கு மாத்திரை கிடையாது. காயம் ஆறவும் நீண்ட பருவத்தில் உடம்பு தாங்கவும் ஒரு குவார்ட்டர்பேக்குக்கு மருந்து உதவலாம், மறுக்கவில்லை. பார்வையை அது தராது.

உடம்பும் கண்ணும் ஒன்றாக அமைந்த அபூர்வங்களும் உண்டு. ஆரன் டோனல்ட் தன் இடத்துக்குக் குள்ளம், எடையும் குறைவு என்று சொல்லப்பட்டவர். 2014இல் 13ஆவதாக எடுத்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து தடுத்தும் அடங்காமல் மூன்று முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். தொலைக்காட்சி கேமரா பந்தின் பின்னால் ஓடுவதால், அவர் செய்ததில் பாதியை ரசிகர்கள் பார்க்கவே இல்லை.

மிகைப்புகழுக்கு வருகிறேன். வீரர்கள் பெயரைப் பட்டியல் போட்டு அடித்துக்கொள்வதில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் நியூயார்க் ஜெட்ஸின் குவார்ட்டர்பேக் ஜோ நேமத்தைப் பேசாமல் இந்த விவாதம் முடியாது. 1969 ஜனவரியில் மூன்றாவது சூப்பர் பவுல். பால்டிமோர் கோல்ட்ஸ் 18 புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்று பந்தயக்காரர்கள் கணித்திருந்தார்கள். நாங்கள்தான் ஜெயிப்போம், உத்தரவாதம் தருகிறேன் என்றார் நேமத். ஜெட்ஸ் 16-7 என்று வென்றது. ஆட்டநாயகன் விருது நேமத்துக்கு. அவர் வீசியதில் ஒரு டச்டவுன்கூட (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது) இல்லை. அணியின் ஒரே டச்டவுனைப் போட்டவர் மேட் ஸ்னெல், 121 கெஜம் ஓடினார். ஜெட்ஸ் தடுப்பாட்டக்காரர்கள் எதிரணியின் நான்கு வீச்சுகளைப் பறித்தார்கள். விருது வாய்ச்சொல்லுக்குக் கொடுக்கப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதே நேரம், நேமத்தின் மொத்தக் கணக்கான 173 டச்டவுன், எதிரணி பறித்த 220 வீச்சு என்பதை இன்றைய கண்ணால் பார்த்து அவரை ஏமாற்றுக்காரர் என்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. ரிசீவரை வழியெங்கும் இடிக்கலாம் என்ற காலம் அது. அந்தக் காலத்திலும் 1967இல் 14 ஆட்டங்களில் நான்காயிரம் கெஜத்தைத் தாண்டிய முதல் ஆள் அவர், அதுவும் பழுதான முழங்கால்களோடு. அந்த ஒரு விருது மிகை. ஆட்டக்காரர் மிகை அல்ல.

குவார்ட்டர்பேக் பேட்டன் மானிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரில் ஓர் ஆவணப்படம், அவர் மனைவி பெயரில் வளர்ச்சி ஹார்மோன் அனுப்பப்பட்டதாக ஒருவர் சொன்னதை ஒளிபரப்பியது. சொன்னவர் பின்வாங்கினார், மானிங் கடுமையாக மறுத்தார், நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று 2016 ஜூலையில் லீக் அறிவித்தது. யார் நம்பினார்கள், யார் நம்பவில்லை என்பது பெரும்பாலும் அவரவர் ஆதரித்த அணியைப் பொறுத்தே இருந்தது. எனக்கு அந்தப் பருவத்தில் சுவையாகப்பட்டது வேறு. மானிங் ஒன்பது டச்டவுன் வீசினார், 17 வீச்சுகளைப் பறிகொடுத்தார். அவர் வாழ்க்கையிலேயே மோசமான ஆண்டு. அந்த ஆண்டுதான் டென்வர் பிராங்கோஸ் சூப்பர் பவுல் வென்றது, தடுப்பாட்டத்தால். குவார்ட்டர்பேக் பெயரில் வெற்றி தோல்விக் கணக்கு எழுதும் வழக்கத்தை அன்றே கைவிட்டிருக்க வேண்டும். இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இன்றைய சண்டை குவார்ட்டர்பேக் பிராக் பர்டி பற்றியது. 2022இல் 262ஆவதாக, கடைசி ஆளாகத் தேர்வானவர். 2023இல் வீச்சுத் தரப்புள்ளியில் லீக்கிலேயே முதலிடம். 2025இல் ஐந்து ஆண்டுகளுக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம். பயிற்சியாளர் கைல் ஷானஹனின் திட்டமும் சுற்றியிருந்த ஆட்டக்காரர்களும்தான் அவரைத் தூக்கினார்கள் என்று ஒரு கட்சி. திட்டத்தை ஓடவைப்பதும் திறமைதானே என்று மறு கட்சி. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். ஆனால் அந்தத் தொகை பர்டியின் திறமைக்கு மட்டும் தரப்பட்டது அல்ல. நல்ல குவார்ட்டர்பேக் கிடைப்பது அரிது என்பதற்கான விலையும் அதில் சேர்ந்திருக்கிறது. சம்பளத்தைப் பார்த்து மிகை என்று சொல்பவர்கள் சந்தையைத் திட்டட்டும்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ர் 297 ஆட்டங்கள் தொடர்ச்சியாகத் தொடக்க வீரராக ஆடினார். இரும்பு மனிதர் என்று கொண்டாடினார்கள். 1996இல் வலிநிவாரணி மாத்திரைக்கு அடிமையாகிவிட்டதாக அவரே அறிவித்துச் சிகிச்சைக்குப் போனார். பல ஆண்டுகள் லீக் முழுவதும் ஆட்டத்துக்கு முன் வீரர்கள் டோரடால் என்ற வலிநிவாரணி ஊசிக்கு வரிசையில் நின்றார்கள். ஊசி போட்டவர்கள் அணி மருத்துவர்கள். கிழிந்த தசையை ஆற்றும் பொருள் குற்றம், கிழிந்த தசை வலிக்காமல் ஆடவைக்கும் பொருள் சிகிச்சை. இந்தக் கோட்டை வரைந்தது வீரர்களின் உடல்நலத்தை நினைத்து என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஃப்ளாக் ஃபுட்பால் சேர்க்கப்பட்டிருக்கிறது. எதிராளியைச் சாய்ப்பதற்குப் பதில் அவர் இடுப்பில் தொங்கும் துணிக்கொடியைப் பிடுங்கும் வகை அது. தங்கள் வீரர்கள் அதில் ஆடலாம் என்று அணி உரிமையாளர்கள் 2025 மே மாதம் வாக்களித்துவிட்டார்கள். போகிறவர்கள் ஒலிம்பிக் சோதனை விதிகளுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். சங்கம் பேசி வாங்கிய ஆறு ஆட்டக் கணக்கு அங்கே செல்லாது. சோதனைக் குழாய்க்கு முன் வரிசையில் நிற்கப்போவது பெரும்பாலும் குவார்ட்டர்பேக்குகளும் ரிசீவர்களும்தான். அந்த ஆட்டத்தில் பக்கத்துக்கு ஐந்து பேர், மோதலே கிடையாது. லைன்மேன்களுக்கு அதில் இடமில்லை.